விடாய்

க்யும்ரியில் ஏப்ரலிலும் பனி.
வேன் திபிலிசிக்குக் கிளம்பும்போது
ஷோகாகத் ஐம்பத்தொன்பது கிலோ எழுநூறு கிராம்.
அவள் பிரிவுக்கு எல்லை ஐம்பத்தொன்பது.
"எழுநூறு கிராமெல்லாம் ஒரு கணக்கா,
ஒரு லிட்டர் பால்கூட இல்லை"
என்றார் வாஸ்கென், முன் இருக்கையிலிருந்து
திரும்பாமல்.

பால் இல்லை அது. எனக்குத் தெரியும்.
நான் அவள் தண்டுக்குத் தட்டு மாட்டுகிறவள்.
மூன்று வருடமாக அவள் நோட்டை எழுதுகிறவள்.
அவர் பார்க்கும் பக்கங்களில் கிலோக்கள்.
அவர் புரட்டாத கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் புள்ளிகள்.
புள்ளிக்கு ஐந்து நாள் முன்பே
அவள் மோதிரம் விரலைப் பிடிக்கும்,
சாக்ஸின் வரி கணுக்காலில் பதியும்,
வறட்சி வரப்போகிறதென்று யாரோ சொன்னமாதிரி
உடம்பு தண்ணீரைப் பதுக்கத் தொடங்கும்.

ஓரிரவு உட்கார்ந்து
புள்ளிகளையும் கிலோக்களையும் சேர்த்துப் பார்த்தேன்,
ஏதாவது சட்டம் அகப்படுமென்று.
எண்பத்தாறு தலைக்கு மேல் போய் நின்றது
இரண்டாம் நாள்;
வெந்நீர்ப் பையை அவிழ்த்து என்னிடம் எறிந்துவிட்டு
மேடை ஏறிய மாலை.
எழுபது முழங்காலோடு விழுந்தது
பன்னிரண்டாம் நாள்;
இந்த வாரம் நீங்கள் புலி என்று
ஒரு டாக்டர் காணொளியில் சிரித்த வாரம்.
சில மாதம் புலி.
சில மாதம் ஈரச் சாக்குமூட்டை.
பல மாதம் வெறும் செவ்வாய்க்கிழமை.
நோட்டை மூடினேன்.

நேற்று மதியத்திலிருந்து
ஒரு வாய் தண்ணீர் இல்லை அவளுக்கு.
இரண்டு ஸ்வெட்டர், வாஸ்கெனின் கோட்டு,
வேனின் ஹீட்டர் முழுவேகத்தில்.
தயிர்க் கோப்பையில் துப்பிக்கொண்டே வந்தாள்.
பவ்ராவில் கதவைத் திறந்த எல்லைக் காவலன்
அனலுக்கு முகத்தைத் திருப்பி,
"அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்றான்.
"விளையாட்டு" என்றார் வாஸ்கென்.

எடை அறைக்கு முன்னிருந்த கழிப்பறையில்
வந்துவிட்டது.
இரண்டு நாள் முந்தி.
வெளியே வந்து விரல் காட்டினாள்:
ஒன்று.
எங்களுக்குள் அது போதும்.
நா வறண்டு கிடந்தவளுக்கு
இரண்டு விடாயும்
ஒரே வாசலில் வந்து நின்றன.

உள்ளே ஜார்ஜியப் பெண்கள் இருவர், ஒரு மேசை, ஒரு தராசு.
"எல்லாத்தையும் எடுக்கணுமா?" என்று கேட்டாள்.
எடுத்தாள்.
ஐம்பது கிராம் அதிகம்.
வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விழுந்தது.
விழுந்த பிறகும்
தராசு அதை அவளென்றே எண்ணியது.
நனூலி என்று அட்டை குத்தியிருந்த அதிகாரி
குனிந்து டிஷ்யூவால் துடைத்தாள்,
தன் வீட்டு மேசையைத் துடைப்பதுபோல.
"இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு."

நடையில் நின்று பின்னலை வெட்டினேன்.
பிளாஸ்திரி கத்தரிக்கோல்; மொட்டை முனை.
முதலில் நாலு விரல்.
பிறகு ஒரு சாண்.
"இன்னும்" என்றாள்.
வலித்தாலும் அழவில்லை.
அழத் தண்ணீர் இல்லை.

ஐம்பத்தொன்பது. சரியாக.

அதன் பிறகு அவள் குடித்ததை
நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.
பாட்டிலின் இடுப்பு ஒடுங்க,
கண்ணை மூடாமல்,
சுவரையே பார்த்துக்கொண்டு.
ஒரு விடாய் தீர்ந்தது.
மற்றது தொடைக்குள் மெல்ல நடுங்கிற்று.

எண்பது ஏறியது.
எண்பத்தைந்து பின்னால் விழுந்தது.
மறுபடி எண்பத்தைந்து.
தண்டின் கீழே உட்கார்ந்தே இருந்தாள்,
கைகள் பூட்டி, இடுப்பு தரையருகில்,
எழுந்திருப்பதா வேண்டாமா என்று
யாரையோ கேட்டுக்கொண்டிருப்பவள்போல.
எழுந்தாள்.
மூன்று விளக்கும் வெள்ளை.
ஐந்தாம் இடம்.

"கால் ஏன் ஆடிச்சு?"
வாஸ்கென் நோட்டை வாங்கி எழுதினார்:
களைப்பு. காரணம் தெரியவில்லை.
அவர் தூங்கியதும் கடைசிப் பக்கம் திருப்பி
ஒரு புள்ளி வைத்தேன்.
பென்சில் முனை ஒடிந்தது.

திரும்பும் வழியில் அதே காவலன்.
வெட்டுப்பட்ட தலையைப் பார்த்தான்,
பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தான்.
"இப்ப சரியாயிடுச்சா?"

"இன்னும் மூணு நாள்" என்றாள் ஷோகாகத்,
கையில் பாட்டில்,
விரலில் மோதிரம் இன்னும் இறுகியபடி.

முத்திரை குத்தினான்.